உதிரிப் படமா, முழு நூலா, பெரிய எழுத்தா? புதுச்சேரி, கடலூரில் பழைய படப் புத்தகம் சேர்ப்பவர்களுக்கு

பழைய படப் புத்தகம் சேர்க்கலாம் என்று புதுச்சேரியிலோ கடலூரிலோ ஒருவர் இறங்கினால், சில மாதங்களிலேயே மூன்று வகைப் பொருள் அவர் முன் வந்துவிடும். ஒன்று, சட்டம் போட்ட உதிரிப் படத்தாள்: கோயிலோ, தேரோ, தலைப்பாகை கட்டிய துபாஷியோ (இருமொழி அறிந்த இடைத்தரகர்) இருக்கும், கீழே பிரெஞ்சில் இரண்டு வரி. இரண்டாவது, பாரிசில் அச்சான கனத்த முழு நூல். மூன்றாவது, மரக்கட்டைப் படம் போட்டு, பெரும்பாலும் பெரிய எழுத்தில் அடித்த தமிழ்ப் புத்தகம். இது பெரும்பாலும் மேலட்டை போய், தையல் நூல் தொங்கிக்கொண்டு, காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ பழைய பேப்பர் கடையிலோ கிடக்கும்.

விலையையும் அழகையும் வைத்து மூன்றையும் ஒப்பிடுவதுதான் வழக்கம். இங்கே எடுத்துக்கொண்ட அளவுகோல் வேறு. கையில் உள்ள இந்தப் படி (பிரதி) யார் யார் கையில் இருந்தது, அதை இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டே எவ்வளவு தூரம் பின்னோக்கிப் பிடிக்கலாம்? அப்படிக் கேட்டால் விலைப்பட்டியல் தலைகீழாகிவிடும். கையில் இருப்பது ஒரு நூலை வாங்கும் அளவுக்கே பணம் என்றால் முதலில் தமிழ்ப் புத்தகம், பிறகு முழு நூல், கடைசியில் உதிரிப் படம்.

நான்காவதாக ஒன்றை இணையத்தில் காட்டுவார்கள்: ஐரோப்பாவில் 1501-க்கு முன் அச்சான நூலின் ஒற்றைத் தாள். அடிக்கடி கண்ணில் படுவது 1493-இல் நூரம்பெர்க்கில் அச்சான உலக வரலாற்று நூலின் தாள். 645 மரக்கட்டைகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி 1809 படங்கள் அடித்த நூல் அது. ஒரே கட்டை ஒரு பக்கத்தில் ஓர் ஊராகவும் இன்னொரு பக்கத்தில் வேறு ஊராகவும் வரும். அந்தக் காலத்து நூல்களில் எந்தப் படி யாரிடம் இருந்தது என்பதை ஐரோப்பிய நூலகங்கள் சேர்ந்து படிவாரியாகப் பதிந்து வருகின்றன. ஆனால் அந்தப் பதிவு பெரும்பாலும் முழுப் படிகளுக்கு. கிழித்து விற்ற தாள் எந்தப் படியிலிருந்து வந்தது என்று சொல்ல வழியே இருக்காது. இங்கிருந்து அதை வாங்குவதில் பொருளில்லை.

உதிரிப் படம்

புதுச்சேரியில் மிகுதியாகப் பேசப்படும் உதிரிப் படங்கள் இரண்டு மூலங்களிலிருந்து வருபவை. பியேர் சொன்னரா 1782-இல் வெளியிட்ட கிழக்கிந்தியப் பயண நூலின் செம்புத்தகட்டுப் படங்கள் ஒன்று. 1827 முதல் 1835 வரை பாரிசில் பகுதி பகுதியாக வந்த, பிரெஞ்சு ஆட்சிப்பகுதி மக்களையும் தெய்வங்களையும் தொழில்களையும் காட்டும் 144 கல்லச்சுப் படங்கள் மற்றொன்று. அந்தத் தொகுப்பு ழெரெங்ஷே, ஷாப்ரெலி இருவர் பெயரில் வந்தது. விளக்க உரையில் கீழைமொழி அறிஞர் யூஜீன் பூர்னூஃப்புக்குப் பங்கு உண்டு.

அசலா என்று பார்க்கப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் போதும். செம்புத்தகட்டுப் படமானால் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் நாற்புறமும் ஓடும். மசி கோடு தாளுக்கு மேல் லேசாக எழுந்து நிற்கும், விரல் நுனியிலேயே தெரியும். கல்லச்சில் பள்ளமும் இருக்காது, மேடும் இருக்காது. சுண்ணக்கட்டியால் சொரசொரப்பான கல்லில் கீறியதுபோல ஒழுங்கற்ற புள்ளி தெரியும். புள்ளிகள் வரிசை கட்டி நின்றால் அது பின்னாளைய மறு அச்சு. பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

வண்ணத்தில்தான் ஏமாறுவார்கள். அந்தக் காலத்திலேயே கையால் பூசிய வண்ணம் தாளுக்குள் இறங்கியிருக்கும். பின்னால் உண்டான பழுப்புக் கறை அந்த வண்ணத்தின் மேல் படர்ந்திருக்கும். கறையின் மேல் வண்ணம் ஏறியிருந்தால், கறுப்பு வெள்ளைப் படத்துக்கு விற்பனைக்காக அண்மையில் பூசியது. பழைய பச்சையைத் தாளின் பின்பக்கத்திலும் பாருங்கள். செம்பு கலந்த பச்சை தாளை அரித்துப் பின்புறம் பழுப்பாகத் தெரிந்தால் வண்ணம் பழையது என்பதற்கு நல்ல சான்று. தாள் அந்த இடத்தில் ஒடியவும் போகிறது.

இத்தனையும் சரியாக இருந்தாலும் உடைமைத் தடம் மட்டும் இருக்காது. பெயர் எழுதுவதும் முத்திரை குத்துவதும் நூலின் முகப்பிலும் உள்ளட்டையிலும்தான். படத்தை வெட்டி எடுத்தவர் அவற்றை விட்டுவிட்டே வந்திருப்பார். சட்டத்துக்குள் அடங்கட்டும் என்று விளிம்பையும் நறுக்கியிருந்தால் பட எண்ணும் அச்சகப் பெயரும் போயிருக்கும். வாங்கியே தீருவேன் என்பவர், விளிம்பும் தலைப்பும் முழுதாக உள்ள, அட்டையில் ஒட்டாத தாளை வாங்குங்கள். கடையிலேயே சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். பென்சிலில் எழுதிய பழைய விலைக் குறியோ, சட்டம் போட்ட கடையின் சீட்டோ இருந்தால் ஒரு கை வரைக்குமாவது பின்னோக்கிப் போகலாம். கழற்ற மாட்டேன் என்றால், பின்னால் பசை இருக்கிறது என்றே கொள்ளுங்கள்.

முழு நூல்

சொன்னராவின் நூல் பெரிய அளவில் இரண்டு தொகுதி, 140 படங்கள். வரைந்தவர் அவரே, தகட்டில் செதுக்கியவர் புவாசோன். சில படங்கள் மடித்துச் செருகியவை. இப்படிப்பட்ட நூலில் படம் விடுபட்டிருப்பதுதான் வழக்கம், முழுமையாக இருப்பது விதிவிலக்கு. ஆகவே வாங்குமுன் எண்ண வேண்டும். விற்பவர் எண்ணிச் சொன்ன கணக்கை ஏற்க வேண்டாம். பிரான்சு தேசிய நூலகத்தின் இணையப் படிகளைப் போன்ற முழுப் படியொன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, பட எண்ணையும் அது செருகியிருக்கும் பக்கத்தையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். இரண்டு தொகுதிக்கும் சேர்த்து அரை நாள் பிடிக்கும்.

எண்ணும்போது கவனிக்க ஒன்று உண்டு. இருநூறு வருடம் மூடிக் கிடந்த நூலில், படத்தின் மசி எதிர்ப்பக்கத்தில் மங்கலான நிழலாகப் படிந்திருக்கும். நிழல் இருந்து படம் இல்லையென்றால், இந்தப் படியில் அந்தப் படம் நெடுங்காலம் இருந்து பிறகு எடுக்கப்பட்டது. படம் இருந்து எதிரில் நிழல் இல்லையென்றாலோ, வேறு நிழல் இருந்தாலோ, இன்னொரு படியிலிருந்து கொண்டுவந்து செருகியிருக்கலாம். அப்படிச் செருகிய படத்தில் இராமபாணம் தின்ற துளைகள் முன்பின் தாள்களின் துளையோடு பொருந்தாது. தாள்களை ஒன்றாகப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினால் துளை நேர்கோட்டில் போகிறதா என்று உடனே தெரியும்.

உடைமைத் தடத்துக்கு இதில் நல்ல வாய்ப்பு உண்டு. மேலட்டையில் பொறித்த குலச்சின்னம், உள்ளட்டையில் ஒட்டிய பெயர்ச்சீட்டு, முகப்பின் தலைப்பக்கம் மசியால் எழுதிய பெயர், பள்ளிப் பரிசுச் சீட்டு. ஐரோப்பிய ஏல நிறுவனங்களின் பழைய பட்டியல்களில் குறையும் கட்டும் விவரித்திருப்பார்கள், அதை வைத்துப் படியை அடையாளம் காணலாம். சிக்கல் என்னவென்றால், அந்தத் தடம் முழுக்கப் பிரெஞ்சிலும், ஐரோப்பிய ஆவணங்களிலும், சில இடங்களில் கட்டணத்துக்குப் பின்னாலும் இருக்கிறது. பிரெஞ்சு தெரியாதவர் இரண்டாவது கையோடு நின்றுவிடுவார்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த பொருளும், வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள 75 ஆண்டு கடந்த கையெழுத்துப் படிகளும் ஆவணங்களும் தொல்பொருள் ஆகும். தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. பிள்ளைகள் பாரிசில் இருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. பெட்டியில் வைத்து எடுத்துப் போகலாம் என்று எண்ணி இதில் பணம் போட வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வாங்கி வரவழைத்ததென்றால், அந்த ரசீதையும் சுங்கச் சீட்டையும் நூலோடு சேர்த்தே வையுங்கள்.

புதுச்சேரியில் பொது நூலகம் 1827-லேயே தொடங்கிவிட்டது. இன்று அதற்கு ரொமேன் ரோலன் பெயர். பள்ளிகளும் மடங்களும் மிஷன்களும் தனித்தனி நூலகம் வைத்திருந்தன. எனவே நூலக முத்திரை உள்ள படி கைக்கு வந்தால், நீக்கம் செய்ததற்கான முத்திரை கூடவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பணத்தை எடுக்காதீர்கள். முகப்பைக் கிழித்து முத்திரையை மறைத்த படியும் வரும். நம் ஊர் நூலகங்கள் உள்ளே ஒரு குறித்த பக்கத்தில் இரண்டாவதாக முத்திரை குத்தும் வழக்கம் உண்டு. எல்லாப் பக்கத்தையும் புரட்டினால் அது அகப்படும்.

மரக்கட்டைப் படம் போட்ட தமிழ்ப் புத்தகம்

தமிழ் அச்சு 1578-இல் கொல்லத்தில் தொடங்கியது, தரங்கம்பாடியில் 1710-களில் வேரூன்றியது என்பதெல்லாம் தெரிந்த கதை. புதுச்சேரிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தபோது இங்கிருந்த அச்சு இயந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அது வேப்பேரியில் பப்ரீசியுஸ் பாதிரியாரிடம் சேர்ந்தது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பொருள், அச்சடித்த நூல்களில் அபூர்வம்.

கைக்கு எட்டக்கூடியவை அந்தக் காலத்தவை அல்ல. 1835-இல் அச்சகம் வைக்க உரிமம் தேவை என்ற கட்டுப்பாடு நீங்கியபின் பெருகிய அச்சுக்கூடங்களில் வந்த புராணச் சுருக்கம், அம்மானை, நாடகம், பெரிய எழுத்துக் கதைகள். ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்பதற்கென்று பெரிய எழுத்தில் அடித்து, இடையிடையே மரக்கட்டைப் படம் போட்டவை. நல்லதங்காள் கிணற்றடியில் நிற்பாள், விக்கிரமாதித்தன் வேதாளத்தைச் சுமப்பான். அதே ராஜா படம் இன்னொரு புத்தகத்தில் இன்னொரு ராஜாவாக வருவார். நூரம்பெர்க்காரர் செய்ததைத்தான் நம்மவர்களும் செய்தார்கள்.

கட்டையைத் திரும்பத் திரும்ப அடித்ததில் நமக்கு ஒரு லாபம். மரம் விரிசல் விடும். விரிசல் படத்தில் வெள்ளைக் கோடாக விழும். முதலில் அரை அங்குலம் இருந்த கோடு பின்னாளைய அச்சில் படத்தைக் குறுக்கே கடந்துவிடும். மரத்தில் பூச்சி துளைத்தால் கறுப்புப் பரப்பில் வட்டமான வெள்ளைப் புள்ளி வரும். ஆண்டு கிழிந்துபோன படியை, ஆண்டு தெரிந்த படியின் படத்தோடு ஒத்துப் பார்த்து முந்தையதா பிந்தையதா என்று சொல்லலாம். ஒத்துப் பார்க்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அட்டவணையும் உதவும். உள்ளூரில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகம் இருக்கிறது. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள்.

முழுமையா என்று பார்க்கப் பக்க எண் மட்டும் போதாது. தாளின் அடியில் பாரத்துக்கு (ஒரே தாளில் அடித்து மடித்த பக்கத் தொகுதிக்கு) ஓர் எண் இருக்கும். எட்டுப் பக்கத்துக்கோ பதினாறு பக்கத்துக்கோ ஒருமுறை அது ஏறிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். நாலைந்து சிறு புத்தகத்தைச் சேர்த்து ஒரே கட்டாகத் தைத்திருப்பார்கள். அதைப் பிரித்துத் தனித்தனியாக்கினால், அவற்றை ஒன்றாக வைத்திருந்தவரின் தடம் அழிந்துவிடும். பிரிக்க வேண்டாம்.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1867-ஆம் ஆண்டின் 25-ஆம் சட்டத்துக்குப் பிறகு அச்சிட்டவர் பெயரும் அச்சான இடமும் நூலில் இருந்தாக வேண்டியிருந்தது. கடலூர் அதற்குள் வரும். புதுச்சேரி அன்று பிரெஞ்சு மண், அந்தச் சட்டம் இங்கே செல்லவில்லை. அச்சகப் பெயர் இல்லாத புத்தகத்தைப் பார்த்ததும் 1867-க்கு முந்தியது என்று விலை ஏற்றுவார்கள். புதுச்சேரியில் அடித்ததாக இருக்கலாம், முகப்பு கிழிந்ததாகவும் இருக்கலாம்.

ஒரு படியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முகப்பில் ‘விளம்பி௵ மாசி௴’ என்று இருக்கிறது (௵ வருடம், ௴ மாதம்), அச்சுக்கூடத்தின் பெயரும் சென்னை என்ற ஊர்ப் பெயரும் உண்டு, விலை அணா 6. விளம்பி அறுபதாண்டுக்கு ஒருமுறை வரும்: 1838, 1898, 1958. அணாவுக்குப் பதிலாக நயா பைசா 1957 ஏப்ரலில் வந்துவிட்டதால் 1958 ஐயத்துக்குரியது. அச்சகப் பெயரும் தாளும் 1838-க்குப் பொருந்தவில்லை: தாள் பழுத்து, மடித்தால் ஒடிகிறது. மரக்கூழில் செய்து படிகாரம் போட்டு மெருகேற்றிய தாளின் குணம் அது, துணிக்கூழ்த் தாள் இப்படி ஒடியாது. ஆக 1898. ஆனால் மாசி என்பதால் ஆங்கிலக் கணக்கில் 1899 பிப்ரவரி, மார்ச். பலர் தவறுவது இங்கேதான்.

அடுத்து உடைமையாளர். முகப்பின் மேல் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட கையெழுத்து. பைண்டர் நறுக்கியபோது போனது என்றால் எழுதியவர் இந்தக் கட்டுக்கு முந்தியவர். உள்ளே ஊதா நிற நீள்வட்ட ரப்பர் ஸ்டாம்ப், பிரெஞ்சு எழுத்தில் முத்து என்று முடியும் பெயர். அந்த உகரத்தை எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘ஓ, யு’ என இரண்டு எழுத்து இருந்தால் பிரெஞ்சு வழக்கு, வெறும் ‘யு’ என்றால் ஆங்கில வழக்கு. இருபது கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில் ஒரே பெயரை இரண்டு விதமாக எழுதினார்கள். முகவரியில் துய்ப்ளே வீதி என்று இருக்கிறது. இன்றைய நேரு வீதிதான் அது, எனவே பழைய பெயர் புழங்கிய காலத்து ஸ்டாம்ப். பின்னட்டையின் உள்ளே இன்னொரு முத்திரை: ‘கடலூர் என்.டி., தென்னாற்காடு ஜில்லா’. என்.டி. என்றால் புதுநகர், ஓ.டி. என்றால் முதுநகர். ஆறு இலக்க அஞ்சல் எண் இல்லாததால் பெரும்பாலும் 1972-க்கு முன். அதன் அடியில் பென்சிலில் 1-50 என்று ஒரு விலை. தசமக் காசு, 1957-க்குப் பின் யாரோ விற்றிருக்கிறார்கள்.

இரண்டு குறி ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தால் எது மேலே என்று லென்ஸில் பார்த்து முன்பின் சொல்லலாம். அழித்த பெயரானால் இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் பிடியுங்கள். இரும்பு கலந்த பழைய மசி கறுப்பாகத் தெரியும். பென்சில் எழுத்துக்குச் சாய்வாக அடித்த சாதாரண வெளிச்சமே போதும்.

பெயர் கிடைத்தபின் ஆளைத் தேடுவதில் புதுச்சேரிக்கு ஒரு வசதி உண்டு. பிரெஞ்சு ஆட்சியின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் பிரான்சின் எக்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளின் ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. அரசு ஊழியரானால் ஆண்டேட்டிலும் அரசிதழிலும் பெயர் இருக்கும். கண்ணி ஒன்றும் உண்டு. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடும்பப் பெயர் ஏற்றவர்கள் இருக்கிறார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லாபோர்த் ஆனது ஊரறிந்தது. 1870-களில் ஒரு பெயரும் 1890-களில் வேறு பெயரும் கொண்ட இருவர் ஒரே ஆளாக இருக்கலாம். கடலூர்ப் பக்கம் இப்படி ஒரே இடத்தில் கிடைக்காது. நூலின் முன்பக்கம் அச்சிட்ட கையொப்பக்காரர் (நூல் வாங்க முன்பதிவு செய்தவர்) பட்டியல், பள்ளி, மடம், கோயில் உபயக் கல்வெட்டு என்று சிதறிக் கிடப்பதைத்தான் சேர்க்க வேண்டும்.

விற்ற கடையின் முத்திரையை உடைமையாளர் முத்திரை என்று எண்ணிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஒரே முத்திரை வேறு வேறு ஊர்ப் படிகளில் வந்தால் அது கடைதான்.

அழுக்குப் படியா, புதுக்கட்டுப் படியா

தமிழ்ப் புத்தகம் என்று முடிவு செய்தபின் வரும் கேள்வி இது. ஒரே நூலின் இரண்டு படி: ஒன்று கலிக்கோ துணியில் புதிதாகக் கட்டியது, விளிம்பு வெட்டிச் சமமாக்கியது. மற்றொன்று மேலட்டை கிழிந்து, முதல் பக்கத்தில் சரஸ்வதி பூசைக்கு வைத்த மஞ்சளும் குங்குமமும் படிந்து, உள்ளட்டையில் பிள்ளை பிறந்த நாளும் நட்சத்திரமும் குறித்தது. கடைக்காரர் முதலாவதற்குக் கூடுதல் விலை சொல்வார். இரண்டாவதை வாங்குங்கள். புதுக்கட்டு போட்டபோது உள்ளட்டைகள் குப்பைக்குப் போயிருக்கும், பெயர் நறுங்கியிருக்கும். பூச்சி வராதிருக்கப் பசையில் மயில்துத்தம் கலந்திருந்தால் முதுகோரம் தாள் பழுத்து வருவதையும் பார்க்கலாம். மஞ்சளையும் குங்குமத்தையும் துடைக்காதீர்கள், அவையும் உடைமைக் குறிதான்.

அழுக்குப் படியிலும் வாங்கக் கூடாதது ஒன்று உண்டு: நீர்க்கோடு ஓடி, ஊதா முத்திரை கரைந்து தாள் முழுதும் பரவியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய ஊர் இது, நனைந்த புத்தகம் இன்னும் சந்தைக்கு வரும். தாள்கள் ஒட்டியிருந்தால் பிரிக்கும்போது படம்தான் முதலில் உரியும்.

வீட்டுக்கு வந்ததும் மற்ற புத்தகங்களோடு சேர்க்காமல், பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி உறைபெட்டியில் மைனஸ் 18 பாகையில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஈரம் தாளில் படியும். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். லாமினேஷன் செய்த தாளை மறுபடி பிரித்தெடுப்பது பெரும்பாடு. வெயிலில் காய வைக்கவும் வேண்டாம், ஊதா மசி முதலில் வெளுக்கும். அலமாரியைக் கடல் பக்கச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள்.

பையிலிருந்து எடுத்ததும் எல்லாக் குறிகளையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, எந்தப் பக்கம், எந்த நிறம், எது எதன்மேல் என்று தனித்தாளில் எழுதுங்கள். உங்கள் பெயரை எழுதுவதென்றால் பின்னட்டையின் உள்ளே, அடி ஓரத்தில், மெல்லிய பென்சிலில் ஒரே வரி: பெயர், ஊர், வாங்கிய தேதி, வாங்கிய இடம். பழைய எழுத்து எதன்மேலும் அது விழக் கூடாது. பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அதன் எண்ணெய் சில வருடத்தில் அடுத்த தாளுக்கு ஊறிவிடும்.